நஞ்சுக்கோப்பைக்கு முன்னால் நடந்ததையும் பேசுங்கள்

மேடைகளில் சாக்ரடீஸைப் பேசும் பேச்சாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழா, வாசகர் வட்டம், கட்சிப் பொதுக்கூட்டம், பட்டிமன்றம் என்று எங்கே போனாலும் உங்களில் ஒருவராவது சாக்ரடீஸைத் தொட்டுவிடுகிறீர்கள். தத்துவப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியும் என்றால், அது மேடையும் நாடகமும் சினிமாவும் செய்த வேலை. அந்த நன்றியோடுதான் என் குறையையும் சொல்கிறேன். நீங்கள் கதையைக் கடைசிக் காட்சியிலிருந்தே தொடங்குகிறீர்கள். சிறை, நஞ்சு, அழும் சீடர்கள், கைதட்டல். ஒரு நல்லவரைக் கெட்டவர்கள் கொன்றுவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு கூட்டம் கலைகிறது. கொன்றவர்கள் யார், ஏன் கொன்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கொன்றது எந்த மன்னனும் இல்லை. கி.மு. 399-இல், கிரேக்க நகரமான ஏதென்ஸின் மக்களாட்சியில், முறைப்படி நடந்த வழக்கு அது. தீர்ப்புச் சொன்னவர்கள் முப்பது வயதைத் தாண்டிய சாதாரணக் குடிமக்கள். குலுக்கலில் பெயர் வந்து, அன்றைய படியாக மூன்று ஓபல் நாணயம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த சுமார் 500 பேர். 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று சாக்ரடீஸே வியந்ததாக அவருடைய சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் 200 பேருக்கு மேல் அவர் பக்கம் நின்றிருக்கிறார்கள். இந்த 200 பேர் ஒரு மேடையிலும் வருவதில்லையே, ஏன்?

எதிராக வாக்களித்தவர்களும் வெறும் மூடர்கள் இல்லை. இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்டாவோடு 27 ஆண்டு இழுத்த போரில் தோற்று, கி.மு. 404-இல் சரணடைந்த ஊர் அது. தோல்வியைத் தொடர்ந்து, மக்களாட்சியை ஒழித்துவிட்டு ‘முப்பதின்மர்’ என்ற முப்பது பேர் கொண்ட குழு ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களில் அவர்கள் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். அவர்களின் தலைவன் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸைச் சுற்றி வந்தவன். போர்க்காலத்தில் எதிரியிடமே போய்ச் சேர்ந்த ஏதென்ஸ் தளபதி அல்சிபியாடீஸும் சாக்ரடீஸின் வட்டம்தான். வழக்குத் தொடுத்த மூவரில் ஒருவரான அனிட்டஸ், முப்பதின்மருக்குத் தப்பி வெளியேறி, ஆயுதத்தோடு திரும்பி மக்களாட்சியை மீட்டவர்களில் ஒருவர். கி.மு. 403-இல் பொதுமன்னிப்பு வந்ததால் பழைய அரசியல் கணக்கை நேரடியாக வழக்காக்க முடியாது. கடவுள் நிந்தனை, இளைஞர்களைக் கெடுத்தது என்று குற்றச்சாட்டு வந்தது. உள்ளே அரசியல் எவ்வளவு இருந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து ஏஸ்கினீஸ் என்ற பேச்சாளர், கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்னதற்காகத்தானே சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று அதே ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதைச் சொன்னால் சாக்ரடீஸ் சிறுத்துவிடுவார் என்று பயப்படாதீர்கள். அவர் அதே முப்பதின்மரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருநாள் அவரையும் இன்னும் நான்கு பேரையும் கூப்பிட்டு, சலாமிஸ் தீவுக்குப் போய் லியோன் என்பவரைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்காக. நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். வசனம் கிடையாது, கோஷம் கிடையாது. அந்த ஆட்சி சீக்கிரம் கவிழாமல் இருந்திருந்தால் அன்றே என் உயிர் போயிருக்கும் என்கிறார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன், கி.மு. 406-இல், மக்களாட்சியே தவறு செய்தபோதும் அவர் இப்படித்தான் நின்றார். அர்கினூசைக் கடற்போரில் வென்று வந்த தளபதிகள், புயலில் தத்தளித்த தம் வீரர்களை மீட்கவில்லை என்று ஊரே கொதித்தது. தனித்தனியாக விசாரிக்காமல் எல்லோரையும் ஒரே வாக்கில் தண்டிக்கச் சொன்னார்கள். அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், சட்டத்துக்கு விரோதமான வாக்கெடுப்புக்கு ஒப்ப மாட்டேன் என்றார். கூட்டம் கத்தியது. அவர் மசியவில்லை. கடைசியில் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். எனக்குச் சாக்ரடீஸ் முழுதாகத் தெரிவது இந்த இரண்டு இடங்களில்தான். நஞ்சு குடித்த நாளில் அவருக்கு வயது 70, தீர்ப்பும் வந்தாகிவிட்டது. லியோன் விஷயத்தில் தப்பிக்க வழி இருந்தது. நான்கு பேரோடு ஐந்தாவதாகப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம், விசாரணைக் காட்சியையே நீங்கள் விட்டுவிடுவது எனக்கு ஆறவில்லை. சூரியன் கல், சந்திரன் மண் என்று இவர் சொல்கிறார் என்று, வழக்குத் தொடுத்த மூவரில் இன்னொருவனான மெலீட்டஸ் குற்றம் சாட்டுகிறான். “அது அனக்சகோரஸ் சொன்னதப்பா, அந்தப் புத்தகம் ஒரு திராக்மாவுக்குக் கிடைக்குமே” என்று, முந்தைய தலைமுறைத் தத்துவவாதி ஒருவரைக் காட்டிச் சொல்கிறார் சாக்ரடீஸ். திராக்மா அந்த ஊர் நாணயம். இளைஞர்களைத் திருத்துவது யார் என்று கேட்கிறார். சட்டங்கள் என்கிறான். அந்தச் சட்டம் தெரிந்த ஆள் யார்? இந்த நீதிபதிகள். எல்லாருமா? எல்லாரும். வேடிக்கை பார்ப்பவர்கள்? அவர்களும். ஆட்சி மன்றம், மக்கள் அவை? அவர்களும்தான். அப்படியானால் ஊரே திருத்துகிறது, நான் ஒருவன் மட்டும் கெடுக்கிறேனா? குதிரையைப் பழக்கத் தெரிந்தவர் ஒருவர் இருவர்தானே, மற்றவர் கை வைத்தால் கெட்டுத்தானே போகும்? இந்த வாதத்தில் மக்களாட்சியையே உரசும் ஒரு கேள்வி இருக்கிறது. அறம் எல்லோருக்கும் தெரிந்த விஷயமா, சிலருக்கு மட்டுமா? பிளேட்டோ இதைப் பிடித்துக்கொண்டு ஞானிகளே ஆள வேண்டும் என்ற இடம்வரை போனார். அதை நாம் ஏற்கத் தேவையில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லக் கேட்பவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

இன்னொன்று. மாணவர்களிடம் ஒழுங்கைப் பேசும்போது, நண்பர் கிரிட்டோ கூப்பிட்டும் சிறையிலிருந்து தப்ப மறுத்த சாக்ரடீஸைச் சொல்கிறீர்கள். போராட்ட மேடையில், தத்துவம் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு விடுவித்தாலும் கேட்க மாட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்ன சாக்ரடீஸைச் சொல்கிறீர்கள். இருவரும் ஒரே ஆள், இடையில் ஒரு மாதம்தான். சட்டத்தை மீறுவேன் என்றவர் ஏன் சட்டத்துக்காகவே சிறையில் உட்கார்ந்தார்? தீங்குக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது கிரிட்டோவிடம் அவர் சொன்ன பதிலின் அடிப்படை. அது போதுமா என்று 2,400 ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் அந்தச் சண்டை நம் ஊர் இளைஞர்களிடமும் தொடங்கும்.

‘உன்னையே நீ அறிவாய்’ கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் பொறித்திருந்த வாசகம். அவருடைய சொந்த வசனமாகச் சொல்லாதீர்கள். இது சின்னத் திருத்தம்தான். என் பெரிய வேண்டுகோள் லியோன் பற்றியது. உங்களுக்குப் பத்து நிமிடம்தான் தருகிறார்கள் என்றாலும், நஞ்சுக்கோப்பைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிவிட்டு, அந்த ஐந்து பேரும் வெளியே வந்த பிறகு யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காரும் ஒரு வாசகர்