ஆறு இன்னும் வரவில்லை, சார்

அன்புள்ள சார்,

நான் அனுப்பிய படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள்: "படமெல்லாம் சரி, அங்கே போய் என்ன பார்த்தாய்?" போனில் சொன்னால் பாதி உங்களுக்குக் கேட்காது. இங்கே எழுதினால் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்வீர்கள். உங்களிடம் அடி வாங்கிய மற்றவர்களும் படிக்கட்டும்.

போனது இத்தாலியில் இருக்கும் கோமோ ஏரிக்கு. மார்ச் கடைசி வாரம். மிலானில் வேலை பார்க்கும் என் சிநேகிதி, "மே மாதம் வாடி, இப்போ பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட; ஏரிக்கரை ஊரான வரென்னாவில் இறங்கினால் எங்கும் பெயின்ட் வாசனை. ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நம்மூரில் கோயில் கொடைக்கு முந்தின வாரம் தெரு எப்படி இருக்கும், அப்படி. எனக்கு அது பிடித்திருந்தது. விருந்தாளிக்காகச் சிரிக்க யாருக்கும் நேரமில்லை.

மார்ச்சில்தான் போவேன் என்று நான் அடம் பிடித்ததற்குக் காரணம் ஒரு ஆறு. வரென்னாவிலிருந்து தெற்கே நடந்து போகும் தூரத்தில் பியூமெலாத்தே என்று ஒன்று. மலையில் ஒரு துவாரத்திலிருந்து கிளம்பி ஏரியில் விழுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். மொத்த நீளமே 250 மீட்டர் அளவுதான். பெயருக்கு அர்த்தம் பால் ஆறு. அவ்வளவு நுரை. லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். (நமக்கும் ஒரு பாலாறு இருக்கிறது, அதிலும் தண்ணீரைப் பார்ப்பது அபூர்வம் என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும்.)

விஷயம் இதுதான்: இந்த ஆறு குளிர்காலத்தில் ஓடாது. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று வரும். அக்டோபர் 7, செபமாலை மாதா திருநாளன்று போய்விடும் என்பது ஊர்க் கணக்கு. அதனால் 'இரண்டு மாதாக்களின் ஆறு' என்றும் ஒரு பெயர். தூத்துக்குடிக்காரி இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

25-ஆம் தேதி காலையில் போய் நின்றேன். காய்ந்த பாறை. பாசி படிந்த கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம்கூடச் சரியாக இல்லை. உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். நாய் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி மேலே காட்டினார். கிரிஞ்ஞா மலை. 2,410 மீட்டர். உச்சியெல்லாம் வெள்ளை. பனி இன்னும் உருகவில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே நின்று உங்கள் பாணியில் யோசித்தேன். மலை சுண்ணாம்புக்கல். உருகும் பனி மேலே ஓடாமல் விரிசல் வழியாக உள்ளே இறங்கிவிடும். உள்ளே குகைகள், குழாய்கள் மாதிரி. அவை நிரம்பி வழியும்போது இந்தத் துவாரத்தில் ஆறு வெளியே வருகிறது. அதாவது, பள்ளிக்கூடத்து மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் பக்கத்துக் குழாயில் கொட்டுமே, அது. தொட்டி நிரம்பும் நாளை மாதா திருநாளோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சராசரியாகச் சரியாக வருகிறது போலும். என் ஆண்டில் வரவில்லை.

ஏமாற்றம்தான். ஆனால் மிச்ச நாட்களை அந்த ஏரி வகுப்பறை ஆக்கிவிட்டது. காலையில் வடக்கே மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று. அதற்குப் பெயர் திவானோ. மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து இன்னொன்று, அது பிரேவா. நம் கடற்கரையில் கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இவர்களும் கூப்பிடுகிறார்கள். ஏரியின் ஆழம் 400 மீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீர் கோடைச் சூட்டைப் பிடித்துவைத்துக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால், ஆல்ப்ஸ் காலடியில் எலுமிச்சையும் பனை ஜாதி மரங்களும் நிற்கின்றன. தன்வெப்ப ஏற்புத்திறனுக்கு நீங்கள் தந்த ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் இரண்டரை வாங்கினேன்.

வரென்னாவிலேயே வில்லா மொனாஸ்தேரோ என்று கரையோரமாக நீண்டு போகும் ஒரு தோட்டம். கமேலியாப் பூக்கள் உதிர்ந்து பாதை சிவந்து கிடந்தது. அந்த மாளிகையில்தான் 1954 கோடையில் அணு விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி பாடம் நடத்தினார்; அதே நவம்பரில் இறந்துபோனார். அங்கே நடக்கும் இயற்பியல் கோடைப் பள்ளிக்கு இன்று அவர் பெயர். 1953-ல்தான் சிகாகோவில் அவரும் நம் வானியற்பியலாளர் சந்திரசேகரும் சேர்ந்து விண்வெளிக் காந்தப்புலம் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் பல்லி முட்டையிடும் சட்டத்துக்குள் இருப்பாரே, அந்தச் சந்திரசேகரேதான்.

ஏரிக்கரையின் இன்னொரு ஊரான பெல்லாஜியோவுக்கும் படகில் போனேன். அழகுதான். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிட்டேன்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் டீச்சரம்மா கோபித்துக்கொள்வார்கள். மிஸ்ஸொல்தீனோ என்று ஒரு மீன். ஏரியில் பிடித்து, குடலெடுத்து, உப்புப் போட்டு, கம்பியில் கோத்துக் காயவைத்து, பிறகு லாரல் இலை நடுநடுவே வைத்துத் தகர டப்பாவில் அமுக்கிவிடுவார்கள். தட்டில் வந்ததும் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, கருவாடு. சுட்டு, வினிகர் தெளித்து, மக்காச்சோள மாவுக் களியோடு கொடுத்தார்கள். பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் இன்னொன்று கேட்டேன்.

கடைசி நாள் கோமோ நகரம். ஏரிக்கரையில், முதல் மின்கலத்தைச் செய்த வோல்டாவுக்கு ஒரு கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள், சார். நிஜமாகவே கோயில் என்றுதான் பெயர். அவர் பிறந்த ஊர் அது. 1928-ல் திறந்தது; யூரோ வருவதற்கு முன் பத்தாயிரம் லிரா நோட்டில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இந்தக் கட்டடம். 1899-ல் அவருடைய மின்னடுக்கின், அதாவது அந்த முதல் மின்கலத்தின், நூற்றாண்டைக் கொண்டாட இதே ஊரில் பொருட்காட்சி வைத்தார்கள். அது தீப்பிடித்து அவருடைய கருவிகளில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை தப்பித்தவையும் திரும்பச் செய்தவையும். எது எது என்று தேடிக்கொண்டே போனவள், அந்த அடுக்கின் முன்னால் நின்றுவிட்டேன். செம்பு, துத்தநாகம், நடுவே நனைந்த அட்டை.

தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளை உடைத்து, அந்தத் துத்தநாக உறையைக் கத்தரியால் வெட்டி நீங்கள் செய்ததும் இதே உயரம்தான் இருக்கும். பல்பு எரியவில்லை. வகுப்பே சிரித்தது. நீங்கள் கம்பி இரண்டையும் என்னிடம் நீட்டி, "நாக்கில் வை" என்றீர்கள். வோல்டாவும் நாக்கால்தான் சோதித்துப் பார்த்தார் என்று அன்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் பயமில்லாமல் வைத்திருப்பேன். அந்தப் புளிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஊர் திரும்பி ஒன்பது நாள் கழித்து, வரென்னாவில் நான் தங்கியிருந்த வீட்டம்மா ஒரு வீடியோ அனுப்பினார். அதே துவாரம், அதே கல். உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் பத்து விநாடி அவருடைய விரல்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம்