மெகாபிக்சலை அப்புறம் பார்க்கலாம்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று கேமராக்களின் விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். மெகாபிக்சல், 4கே, கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் எல்லாம் எழுதியிருக்கிறாய். பேட்டரி எத்தனை படம் தாங்கும், பிளாஷ் எந்த வேகம் வரை ஒத்துப்போகும் என்று ஒரு வரிகூட இல்லை. கல்யாண வேலைக்கு வாங்குகிற கேமராவில் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய பென்டாக்ஸ் கே1000-இல் பேட்டரி இருந்ததே மீட்டர் முள் அசைவதற்காகத்தான். செல் தீர்ந்துபோனாலும் ஷட்டர் விழும். இப்போதைய மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, அப்படியில்லை. நீ ஒரு படமும் எடுக்காமல் மணமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாலே சென்சாரும் வியூஃபைண்டரும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி வைத்த பழைய நிக்கான் டி750-க்கு ஒரு சார்ஜில் 1,230 படம் என்று கணக்கு. சோனி ஏ7 மார்க் 4-க்கு, வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால், 520. இரண்டுமே சிபா (கேமரா கம்பெனிகளின் சங்கம்) வகுத்த சோதனையில் வந்த எண்கள். கடகடவென்று எடுத்தால் இதைவிட அதிகமாகவே வரும். ஆனால் கல்யாணத்தில் எடுக்கிற நேரத்தைவிடக் காத்து நிற்கிற நேரம்தானே அதிகம்?

நம் பக்கத்துக் கல்யாணம் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று இரண்டு பாகமாக வரும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்ற வேண்டும். மண்டபத்து அறையில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், அதிலும் யாருடைய போனாவது தொங்கும். ஆகவே கேமராவுக்கு மூன்று பேட்டரி, இரட்டைச் சார்ஜர், உனக்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவை இல்லாமல் கிளம்பாதே. யூஎஸ்பி-சி வழியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் எடுத்துக்கொள்கிற கேமராவாகப் பார். சில கேமராக்கள் அணைத்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும். கேமராவுக்கு அடியில் மாட்டுகிற பேட்டரி கிரிப் வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் பணத்தை இரண்டாவது கேமரா பாடிக்குச் சேர்த்து வை. கேமரா கீழே விழுந்தால் கிரிப் என்ன செய்யும்?

இப்போது பிளாஷ். தாலி கட்டுகிற நேரத்தை நினைத்துப் பார். கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் அட்சதை பறக்கும், குறுக்கே பத்து கை நீளும், முடிச்சு விழுவது சில விநாடிக்குள். அப்போது முழுப் பவரில் ஒரு பிளாஷ் அடித்துவிட்டால் உள்ளே கெபாசிட்டர் காலி. பென்சில் செல் பிளாஷ் என்றால் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று விநாடி ஆகிவிடும். அதற்குள் பட்டனை அமுக்கினால் கிடைப்பது இருட்டுப் படம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 1600-க்கு ஏற்றி, பிளாஷ் பவரை 1/8-க்கு இறக்கிவிடு, அடுத்தடுத்து அடித்தாலும் கூடவே வரும். அதிக ஐஎஸ்ஓவில் சுத்தமாகப் படம் தருகிற சென்சார் உனக்கு பிளாஷையும் மிச்சப்படுத்தும், செல்லையும் மிச்சப்படுத்தும். 45 மெகாபிக்சலைவிட எனக்கு இதுதான் பெரிது.

முடிந்தால் லித்தியம் பேட்டரி பிளாஷே வாங்கு. கோடாக்ஸ் வி860 மார்க் 2 முழுப் பவரிலேயே சுமார் ஒன்றரை விநாடியில் தயாராகிவிடும். பென்சில் செல் என்றால் ரீசார்ஜ் ஆகிற நிக்கல் செல் போடு. 1.2 வோல்ட்தானே என்று தள்ளிவிடாதே, ஆல்கலைனைவிட வேகமாகக் கரன்ட் கொடுக்கும்.

டிடிஎல்லை, அதாவது லென்ஸ் வழியாக வெளிச்சத்தை அளந்து கேமராவே பிளாஷ் அளவை முடிவு செய்கிற முறையை, மேடையில் அப்படியே நம்பிவிடாதே. வெள்ளை வேட்டியும் ஜரிகையும் ஃபிரேமை நிறைத்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று கேமரா நினைத்துக்கொண்டு பிளாஷைக் குறைக்கும், முகம் கறுத்துப்போகும். பிளாஷைக் கூட்டிக் குறைக்கிற வசதி மெனுவுக்குள் போய்த் தேடாமல் ஒரே பட்டனில் வர வேண்டும்.

பிளாஷ் ஒத்துப்போகிற சிங்க் வேகம் என்பது, ஷட்டரின் முதல் திரை முழுக்கத் திறந்து, இரண்டாம் திரை இன்னும் கிளம்பாமல் இருக்கிற கடைசி வேகம். அதைத் தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். கே1000-க்கு அது 1/60 விநாடி. இப்போது 1/200, 1/250 சாதாரணம். மண்டபத்துக்குள் எதுவும் போதும். வித்தியாசம் வெளியே தெரியும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 என்று வைத்தால் ஷட்டர் 1/3200 பக்கம் போய் நிற்கும். சிங்க் வேகத்தைத் தாண்டியும் பிளாஷ் அடிக்க வைக்கிற ஹைஸ்பீட் சிங்க்கில் போட்டால் பிளாஷ் துண்டு துண்டாக அடித்து பலத்தை இழந்துவிடும், வெளிச்சத்தைப் பரப்புகிற குடைக்குள் வைத்த சின்ன பிளாஷ் வெயிலோடு போட்டி போடாது. வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கிற நாலு ஸ்டாப் என்டி ஃபில்டரை (லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால் 1/200-க்கு இறங்கிவிடலாம். சோனி ஏ9 மார்க் 3-இல், திரை இல்லாமல் சென்சார் முழுவதும் ஒரே சமயத்தில் பதிகிற குளோபல் ஷட்டர் இருப்பதால் இந்தத் தொல்லையே இல்லை, 1/80,000 வரை சிங்க் ஆகும். விலை நமக்கு எட்டாது. அதற்காகக் கடன் வாங்காதே.

சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போகாதே. பெரும்பாலான கேமராக்களில் அதில் பிளாஷ் அடிக்காது. மேடை அலங்காரத்து எல்ஈடி விளக்குகள் வேறு குறுக்கே வரிவரியாக விழும். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கேமரா தலையில் பிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவை மறந்துவிட்டேன் பார். அதன் நடுவில் இருக்கிற வட்டமான முனை எல்லா கேமராவிலும் இருக்கும் என்று நினைக்காதே. கேனான் 200டி மார்க் 2-இல் அது கிடையாது, ஒற்றை முனையை நம்பி வேலை செய்கிற சாதாரண ட்ரிக்கர் (தள்ளி வைத்த பிளாஷை அடிக்க வைக்கிற கருவி) அதில் வேலை செய்யாது. இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளப் பழையதாக எது வாங்கினாலும் ஷூவை முதலில் பார்.

கடைக்குப் போகும்போது உன் பிளாஷையும் ட்ரிக்கரையும் கையோடு எடுத்துப் போ. மாட்டி, 1/8-இல் பத்துப் படம் விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசு. பில்லை எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஆவணியில் நீ ஒத்துக்கொண்ட கல்யாணத்துக்கு இரண்டாவது பிளாஷ் வேண்டுமென்றால் என்னுடையதைப் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா