மாலதிக்கு, குத்தாலத்திலிருந்து

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவை மின்மயானத்தில் கொடுத்துவிட்டு நாலாம் நாளே ஆபீஸ் போய்விட்டாயாம், இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையாம், "நான் கல்நெஞ்சுக்காரியாடி" என்று கேட்டிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

எங்கள் அம்மா தையில் போனாளே, அன்றைக்கு நானும் அழவில்லை தெரியுமா? ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், பந்தலுக்குச் சொல்லணும், பேரளத்து ஜனத்துக்கு போன் போடணும். மத்தியானம் தெற்குத் தெரு அஞ்சலை அக்கா வந்தாள். அம்மாவோடு நாற்பது வருஷம் நடவு நட்டவள். வாசலிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். "அடகுக்குப் போன சங்கிலி அஞ்சு வருசம் மீளலையே, அதைச் சொல்லாமப் போனியே ஆத்தா." என் காலேஜ் பீஸுக்கு வைத்த சங்கிலி அது. மூழ்கிப்போன சங்கதியை அம்மா என்னிடம் மூச்சு விட்டதில்லை. ஊர் நடுவில், பறைச் சத்தத்துக்கு மேலே அதைக் கேட்டபோதுதான் எனக்கு உடைந்தது.

அழுகை தானாக வந்துவிடாது மாலதி. பக்கத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுக்கணும். அயர்லாந்திலும் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்கள் இருந்தார்கள். பாதிரிமார் எதிர்த்து எதிர்த்து அந்த வழக்கம் தேய்ந்துபோனது. இங்கே அதை நாகரிகக் குறைச்சல் என்று சொல்லி, ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஸ்பீக்கருக்கு எங்கள் அம்மாவின் சங்கிலி தெரியுமா?

நாள் கணக்கும் அப்படித்தான். யூதர்கள் ஏழு நாள் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து துக்கம் காப்பார்கள். துக்கம் கேட்க வந்தவர், வீட்டுக்காரர் வாய் திறக்கிறவரை பேச்சை ஆரம்பிக்க மாட்டார். சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வரும், அடுப்பு மூட்டாத நம் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டுச் சோறு வருகிற மாதிரி. இந்தோனேசியாவில் சுலவேசித் தீவு டொராஜா மக்கள், சடங்கு முடிகிறவரை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில், செத்தவரை வீட்டிலேயே வைத்து, நோயாளி என்றே சொல்லிச் சோறு வைப்பார்கள். உனக்குக் கிடைத்தது மூணே நாள். அதை வைத்தா உன் நெஞ்சை அளக்கிறாய்?

புறநானூற்றில் 256ஆம் பாட்டு ஞாபகமிருக்கிறதா? வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்னப் பல்லி போலப் புருஷனோடு வழியெல்லாம் வந்தவள், அவன் செத்தபின் குயவனிடம், புதைக்கிற தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்கிறாள். ஸ்கூலில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விட்டோம். அம்மா போன பிறகுதான் அந்தப் பல்லி எனக்குப் புரிந்தது.

நாகப்பட்டினத்துப் பக்கம் இன்றைக்கும் டிசம்பர் 26 வந்தால் மீனவ ஜனங்கள் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுகிறார்கள். 2004 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்களே. போன வருஷம் நானும் நின்றேன். ஒரு கிழவி சொம்பில் கடைசிச் சொட்டு வடிகிறவரை கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஆடி அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டு வா. மாயவரத்துக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுகிவிட்டு வந்து, உன் அம்மாவுக்கும் எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து இலை போட்டுப் படைப்போம். அஞ்சலை அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டேன். "அந்தம்மாவுக்கு என்ன ஆசை நடக்காமப் போச்சு, கேட்டு எழுதச் சொல்லு" என்றாள். மறக்காமல் எழுது.

உன்,
செல்வி