அகராதித் தொகுப்பாளர்களுக்கு: ‘பிடி’யைப் பிரித்துக் கொடுங்கள்

அன்பார்ந்த அகராதித் தொகுப்பாளர்களே,

வணக்கம். வேறு மொழிச் சூழலில் வளர்ந்து, முப்பது நாற்பது வயதில் தமிழ் படிக்க வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். அவர்கள் கையில் எப்போதும் ஓர் அகராதி இருக்கும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற வாரம் ஒருவர் தன் பாட்டியைப் பற்றிப் பத்து வரி எழுதி வந்தார். முதல் வரி இது: “நான் என் பாட்டியை மிகவும் பிடிப்பேன்.” எழுத்துப்பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றன, உருபும் சரி. எப்படி வந்தது இந்த வாக்கியம் என்று கேட்டேன். அகராதியைத் திறந்து காட்டினார். ‘பிடி’க்கு எதிரே பற்று, அகப்படுத்து, விரும்பு, பெண் யானை, கைப்பிடி என்று காற்புள்ளி போட்டு வரிசையாகப் பொருள்கள். அதில் ‘விரும்பு’ இருந்தது. அதை நம்பி எழுதியிருக்கிறார். அவர்மேல் என்ன தவறு?

‘விரும்புகிறேன்’ என்றால் விரும்புபவள் நான். ‘பிடிக்கும்’ என்று வந்துவிட்டால் நான் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்க வேண்டும். பிடிப்பேன், பிடிப்பாய் எல்லாம் அந்தப் பொருளில் செல்லாது. இந்த ஒரு செய்தி இல்லாமல் ‘விரும்பு’ என்று மட்டும் தருவது, பூட்டைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொள்வதுபோல.

இந்தச் சொல்லோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்கிறோம். இங்கெல்லாம் பிடிப்பவர் நாம். இரும்பில் துரு பிடிக்கிறது, நமக்குச் சளி பிடிக்கிறது, கூரையில் தீப்பிடிக்கிறது. இங்கே பிடிப்பது அது. அகப்படுவது நாமோ நம் பொருளோ. குடம் பத்து லிட்டர் பிடிக்கும், வேலை இரண்டு நாள் பிடிக்கும் என்னும்போது யாரும் யாரையும் பிடிக்கவில்லை, அளவு மட்டுமே பேசுகிறது. மழை பிடித்துக்கொண்டது என்றால் தொடங்கிவிட்டது, இப்போதைக்கு விடாது.

‘கால் பிடித்துவிட்டான்’ என்பதையும் ‘காலைப் பிடித்தான்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது வலிக்கு ஆறுதல். இரண்டாவது பெரும்பாலும் கெஞ்சல். ஓர் உருபும் ஒரு ‘விடு’வும் செய்யும் வேலை இது. (இதில் ‘கால்’ என்ற சொல்லே ஒரு தனிக் கதை: உடலில் ஓர் உறுப்பு, கணக்கில் நாலில் ஒரு பங்கு, பந்தலுக்கு ஊன்றும் கம்பம், பழம்பாடல்களில் காற்று.)

இதை முதலில் சொன்னவள் நான் இல்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவாகும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே சொல்லிவிட்டது. ‘மா பூத்தது’ என்றால் மரம்; ‘மா ஓடியது’ என்றால் விலங்கு; ‘மா வீழ்ந்தது’ என்றால் இன்னும் ஒரு சொல்லாவது கூட வர வேண்டும். பிறகு வந்த திவாகரம், பிங்கலந்தை என்ற நிகண்டுகளும் (அந்தக் காலத்துச் சொற்பொருள் நூல்கள்) ஒரு சொல் பல் பொருளுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கின. அவை மனப்பாடம் செய்யச் செய்யுளில் அமைந்தவை. பொருள்களை வெறுமனே அடுக்கினால் போதும், விளக்க ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். உங்கள் அகராதியைத் திறப்பவர் தனியாக இருக்கிறார். அந்த அடுக்கு மட்டும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, ஆசிரியர் வரவில்லை.

பெண் யானைக்கு ‘பிடி’ என்று பெயர். சங்கப் பாடல்களில் களிற்றின் பக்கத்தில் நடப்பவள் அவள். இன்றைய பேச்சில் இல்லை. ‘விரும்பு’க்கும் ‘கைப்பிடி’க்கும் நடுவே அவளை நிறுத்தாதீர்கள், ‘இலக்கிய வழக்கு’ என்ற குறிப்போடு தனித் தலைச்சொல்லாக வையுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒரே வடிவச் சொற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்திருக்கிறது. முன்மாதிரி நம்மிடமே உண்டு.

மற்றப் பொருள்களுக்கு நான் கேட்பது பொருளுக்கு ஒரு வாக்கியம். யாருக்கு, எதை, எதில் என்ற உருபு அந்த வாக்கியத்தில் தெரிய வேண்டும். தாளில் இடமில்லை என்று முன்பு சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசி அகராதியில் இடத்துக்கு என்ன குறை? அங்கேயும் அதே காற்புள்ளி வரிசையை அப்படியே ஏற்றியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பாட்டியைப் பற்றிய வரியை அவர் திருத்திவிட்டார்: “எனக்கு என் பாட்டியை மிகவும் பிடிக்கும்.” அடுத்த வகுப்பில் ‘எடு’ வருகிறது. பசி எடுக்கும், பாம்பு படம் எடுக்கும், கடையில் துணி எடுப்போம். அவர் கையில் இன்னும் அதே அகராதிதான் இருக்கிறது.

அன்புடன்,
தமிழ் கற்பிக்கும் ஒருத்தி