கோரைப்பாயும் ஜமக்காளமும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கூடத்துப் படத்தை உன் அப்பாவிடமும் காட்டினேன். "ஒன்றின்மேல் ஒன்றாக எதற்கு இரண்டு விரிப்பு, ஒன்று பழசாகிவிட்டதா?" என்று கேட்டார். இப்போது அதுதான் வழக்கம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. விருந்தாளி வந்தால் என் அம்மா, உன் அம்மாயி, சாணி மெழுகிய தரையில் முதலில் கோரைப்பாயைப் போட்டு, அதன்மேல்தான் ஜமக்காளத்தை விரிப்பார். தரையின் ஈரம் பாயோடு நின்றுவிடும், ஜமக்காளம் நமுத்துப்போகாது. அழகுக்காக யாரும் செய்யவில்லை, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

என் அப்பாவின், உன் அப்புச்சியின், பவானி ஜமக்காளத்தைக் கேட்டிருக்கிறாய். தருகிறேன். அதற்குமுன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்.

உன் படத்தில் அடியில் கிடப்பது புசுபுசுவென்று முடி வைத்த கம்பளம். அதன்மேல் ஜமக்காளம் நிற்காது. சுருண்டு சுருண்டு காலைத் தட்டும். அடியில் தட்டையான நெசவுதான் வேண்டும். அங்கே சணல் விரிப்பு கிடைக்கும். நிறமும் அடக்கமாக இருக்கும். ஜமக்காளத்தில் சிவப்பும் பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடுகிறதே, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டது வந்தால் கண் வலிக்கும். ஜமக்காளம் 6க்கு 9 அடி. சணல் 9க்கு 12 வாங்கினால் நாலு பக்கமும் ஒன்றரை அடி தெரியும். சோபாவின் முன்கால்கள் இரண்டும் சணல்மேல் ஏறி நிற்கட்டும்.

முக்கியமானது வழுக்கல். சாணித் தரையில் பாய் பிடித்து நிற்கும், பளிங்குபோன்ற தரையில் நிற்காது. போன ஆடியில் நம் புது டைல்ஸ்மேல் வெறும் ஜமக்காளத்தைப் போட்டுவிட்டு, பால் டம்ளரோடு வந்து சறுக்கி விழுந்தேன். பத்து நாள் முட்டியில் எண்ணெய்க் கட்டு. உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய். உன் வீட்டில் மரத்தரை. சணலுக்கு அடியிலும், சணலுக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவிலும் வழுக்காத வலை விரி. பையன் ஓடும் சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் குறைப்பட்டார்களே, இரண்டடுக்கு விரிப்பில் அதுவும் கொஞ்சம் அடங்கும்.

புதிதாக ஒன்று வாங்கி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பவானி என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். முதல் தண்ணீரிலேயே சிவப்பு ஓடிப் பாயெல்லாம் கறை. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்த பெயர் அது. அதற்கும் போலி வந்துவிட்டது. அகலமான ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் வெளியே தெரியாமல் குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல் மூடிக்கொள்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அப்புச்சியுடையதைப் புரட்டிப்போட்டுப் பார்த்தேன், எது மேல் எது அடி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்குக் கருகிய ஓட்டை இருக்கிறது. உன் மாமன் கல்யாணத்தில் சாம்பிராணிக் கரண்டியிலிருந்து நெருப்புத்துண்டு விழுந்தது. யார் கையிலிருந்து என்று நாற்பது வருடமாகச் சண்டை, நான் இல்லை. அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள். வேலைக்காரர் யாரிடமும் தைக்கக் கொடுக்காதே, நூல் நிறம் சேராது.

வாரம் ஒருமுறை மேல் விரிப்பை எடுத்து வெளியே உதறு. நடுவில் சேரும் மண்தான் நூலை அறுக்கும்.

கூடத்துக் கதவுக்குக் கீழே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று அளந்து எழுது. இரண்டு விரிப்பும் வலையும் சேர்ந்தால் கதவு உரசலாம். நீ சொல்லும்வரை ஜமக்காளம் வேப்பிலையோடு பரணில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா