திசு வளர்ப்பு வாழையில் திரிந்த இலைகள்: கன்றின் பூர்வீகம் ரசீதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதி ஜி-9 ரக வாழைத் தோட்டங்கள் சிலவற்றில் இலைகள் தடித்தும் குறுகியும் வெளிறியும் வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். அதில் 'மர்ம நோய்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அந்தச் சொல்லைப் பார்த்த விவசாயி மறுநாள் காலையிலேயே மருந்துக் கடைக்குப் போய் நிற்பார் என்பதாலும், போன ஆண்டு நானே அப்படிப் போய் நின்றவன் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடியில், இரண்டு ஏக்கரில் ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய 2,400 கன்றுகளை நட்டேன். மூன்றாம் மாதம் களை எடுக்க வந்த பெண்கள்தாம், "இந்தக் கன்னு மட்டும் ஏன் இப்படி உக்காந்திருக்கு?" என்று முதலில் கேட்டார்கள். வரிசை வரிசையாக நடந்து எண்ணிப் பார்த்ததில் 131 கன்றுகள் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றன. அவற்றில் 94 கன்றுகள் குட்டை. இலைக்காம்பு வளராமல், அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிபோல் அடைந்திருந்தன. மீதி 37 கன்றுகளின் இலைகளோ ஒடுங்கி, ஓரம் நெளிந்து, வெளிர்பச்சைத் தேமல் படர்ந்திருந்தன. விரலால் மடித்தால் வாழையிலைக்குரிய முறிவு இல்லாமல் ரப்பர் செருப்பின் வார்போல வளைந்து திரும்பின.

கன்று கொடுத்த நாற்றுப்பண்ணையாரிடம் சொன்னபோது, சத்துக் குறைவு என்றார். துத்தநாக சல்பேட்டும் போராக்சும் இரண்டு முறை தெளித்தேன். சத்துக் குறைவாக இருந்திருந்தால் அடுத்து விரியும் குருத்தாவது தெளிந்து வந்திருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு குருத்தும் முந்தைய இலையைப் போலவே விரிந்தது. பிறகு வைரஸ் என்றார்கள். வைரஸால் வரும் முடிக்கொத்து நோயில் இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் என்பதும், காம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் தந்திக் குறிபோலப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தெரியும் என்பதும் விருப்பாட்சி வாழையை அந்நோய்க்குப் பறிகொடுத்த பழனி மலைக்காரர்களுக்கு மனப்பாடம். என் கன்றுகளில் அக்கீற்று ஒன்றுகூட இல்லை. அசுவினி பரப்பும் நோயாக இருந்தால் ஒரு மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்கு நகர்ந்திருக்கும். இவையோ நட்ட அன்று எங்கெங்கே விழுந்தனவோ அங்கங்கே தனித்தனியாக நின்றன, எண்ணிக்கையும் கூடவில்லை. களைக்கொல்லிச் சாரல் பட்டாலும் இலை ஒடுங்கும் என்பது உண்மையே. ஆனால் நான் களைக்கொல்லி அடிப்பவன் அல்லன்.

இது கன்றோடு பிறந்த மாற்றம். திசு வளர்ப்பில் இப்படி நேர்வதை அறிவியலார் வெகுகாலமாக அறிவார்கள். 1981-இல் லார்கின், ஸ்கோகிராஃப்ட் என்னும் இருவர் இதற்குச் 'சோமாகுளோனல் வேறுபாடு' என்றே பெயரிட்டு விட்டார்கள். ஜி-9 சேர்ந்த கேவண்டிஷ் இன வாழையில் மிகுதியாகக் காணப்படுவது குட்டை. அதற்கடுத்துப் பேசப்படுவது நான் சொன்ன தடித்த தேமல் இலை. ஆகவே 'மர்மம்' என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

இது எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தாய்மரத்தின் ஈட்டிக் கன்றிலிருந்து நுனிக்குருத்தை எடுத்து, சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கி கலந்த கூழில் வைக்கிறார்கள். அது பல முளைகளாகக் கிளைக்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதுக் கூழுக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மூன்றாகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டுச் சுற்றில் ஒரு நுனி 6,561 முளைகளாகும்; பத்துச் சுற்றில் 59,049; பன்னிரண்டில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். செல்கள் இவ்வளவு வேகமாகப் பிரியும்போது மரபில் பிழை நேர்வது இயல்பு. சுற்றுகள் கூடக் கூடப் பிழைகளும் கூடும். அதனால்தான் வாழைக்கு எட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டுத் தாய்மரத்திலிருந்து புதிய நுனி எடுக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறார்கள். தேவை மிகுந்த பருவத்தில் ஆய்வகம் ஒன்று இன்னும் இரண்டு சுற்றுக்கு ஆசைப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். தொடக்கச் சுற்றில் நேர்ந்த ஒரு பிழை பின்னர் ஒரு கன்றுத் தொகுதி முழுவதற்கும் பரவிவிடும் என்பதால்தான், ஒரே பண்ணையில் வாங்கிய இருவரில் ஒருவர் தோட்டம் சுத்தமாகவும் மற்றவர் தோட்டம் என்னுடையதைப் போலவும் இருக்கிறது.

மாற்றம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நாம் நடும் ஜி-9, அதாவது கிராண்ட் நைன், விதையில்லாத கேவண்டிஷ் குடும்பத்தில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றமே. அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கே 'பெரிய குட்டை' என்றுதான் பொருள். தைவானில் பனாமா வாடல் நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வகைகளை இத்தகைய திசு வளர்ப்பு மாற்றங்களிலிருந்துதான் பொறுக்கி எடுத்தார்கள். ஆனால் அந்தப் பொறுக்குதல் ஆராய்ச்சி நிலையத்தில், அவர்கள் செலவில் நடந்தது. இங்கே அது என் நிலத்தில், என் சொட்டுநீரில், என் உரத்தில் நடக்கிறது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. ஆய்வகக் கன்றுகளை ஈரக்காற்றில் வைத்துப் பழக்கும் பனிக்கூடத்திலிருந்து வந்த கன்றுகள் நிழல்வலைக்குள் ஒன்றரை, இரண்டு மாதம் பையில் வளர்கின்றன. ஐந்தாறு இலை விட்ட அந்த நிலையிலேயே, காம்பு குட்டையாக இலை அடைந்திருப்பதையும், தேமலோடு தடித்திருப்பதையும் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். (இளங்கன்றின் இலையில் செங்கபிலத் திட்டுகள் தெரிவது வேறு, அது கேவண்டிஷ் கன்றின் இயல்பு, வளர வளர மறைந்துவிடும். அதைப் பார்த்து நல்ல கன்றைத் திருப்பி அனுப்பியவர்களும் எங்கள் ஊரில் உண்டு.) எண்ணெய்ப் பனையில் திசு வளர்ப்புக் கோளாறு காய்க்கும்போதுதான் வெளிப்படும், மலேசியாவில் அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தார்கள். வாழையோ இலையிலேயே சொல்லிவிடுகிறது. அந்த இரண்டு மாதத்தில் ஆள் வைத்துப் பொறுக்கிக் கழித்திருந்தால் என் தோட்டத்துக்கு இவை வந்தே இருக்க மாட்டா.

கடைசியில் நாற்றுப்பண்ணையார், 131 கன்றுகளையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். கன்று 17 ரூபாய் வீதம் பார்த்தால் அது 2,227 ரூபாய்தான். நான்கு மாத வாழைக்கு நடுவே புதுக் கன்றை நட்டால் அது நிழலில் வெளுத்து நிற்கும். மற்ற மரங்கள் தார் தள்ளும்போது அது இன்னும் இலைதான் விட்டுக்கொண்டிருக்கும். வியாபாரி இரண்டு வெட்டில் தோட்டத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த 131 தாருக்காக வண்டியைத் திரும்ப அனுப்ப மாட்டார். மாற்றுக் கன்று என்பது நட்ட முதல் மாதத்துக்குள் கிடைத்தால்தான் உதவி.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை நடத்தி வருகிறது. அதில் வைரஸ் சோதனையோடு, கன்று தாய்மரத்தை ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் மரபு ஒருமைப்பாட்டுச் சோதனையும் உண்டு. அந்தச் சான்று எந்தத் தொகுதிக்கு வழங்கப்பட்டது என்ற விவரம், ஆய்வகத்திலிருந்து நாற்றுப்பண்ணைக்கும் அங்கிருந்து முகவருக்கும் கைமாறி வரும் கன்றோடு சேர்ந்து விவசாயியிடம் வந்து சேர வேண்டும். என் ரசீதில் இருப்பது 'ஜி9 வாழை – 2400' என்ற ஒரே வரி. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் எந்த ஆய்வகம், எந்தத் தொகுதி என்பதே இல்லாத ரசீதைக் கொண்டுபோய் நுகர்வோர் ஆணையத்தில் நான் எதை நிறுவுவது?

எனவே, ஆய்வகத்தின் பெயர், தொகுதி எண், தாய்மரத்தின் மூலம், எத்தனையாவது சுற்றில் எடுத்த கன்று என்ற நான்கையும் ரசீதில் அச்சிடுவதைத் தோட்டக்கலைத் துறை கட்டாயமாக்க வேண்டும். மானியத்தில் வழங்கும் கன்றுகளில் இதைத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. களப் பணியாளர்களும் இத்தகைய இலையைக் கண்டவுடன் மருந்துச் சீட்டு எழுதாமல், முதலில் அது பரவுகிறதா, அடுத்த குருத்து எப்படி வருகிறது என்று இரண்டு வாரம் பார்க்கச் சொன்னால் போதும்.

நான் அந்தக் கன்றுகளில் நான்கை மட்டும் வெட்டாமல் விட்டு வைத்தேன். இப்போது குட்டை வாழையில் தார் கழுத்திலேயே சிக்கிப் பாதி வெளிவந்து நிற்கிறது. தேமல் இலை வாழையில் நான்கு சீப்புதான். அதன் அடியில் முளைத்த பக்கக் கன்றின் முதல் அகன்ற இலையிலும் அதே தேமல் இருக்கிறது. மூன்றையும் படமெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். வெளியிட்டால் நாற்று வாங்கப் போகும் விவசாயிகள் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
சின்னமனூர் வட்டாரம், தேனி மாவட்டம்.