நிவாரணப் பணத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

கொரோனா நிவாரணமாக இங்கே அமெரிக்காவில் பள்ளிகளுக்கு வந்த மத்திய அரசுப் பணத்தின் கடைசிப் பகுதியை ஒதுக்கி முடிப்பதற்கான கெடு 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கை மூடுகிற நேரத்தில் நன்றி சொல்லாமல் இருந்தால் தப்பு.

மூன்று சட்டங்கள் வழியாக அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 19,000 கோடி டாலர். 2021-இல் வந்த பெரும்பங்கில், பள்ளி மாவட்டங்கள் (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஐந்தில் ஒரு பங்கையாவது விட்டுப்போன படிப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. மீதியில் மாவட்டங்களுக்கு நிறையவே சுதந்திரம். எங்கோ விளையாட்டுத் திடலுக்குச் செயற்கைப் புல் பதித்தார்கள் என்றுகூடச் செய்தி வந்தது. நியூஜெர்சியில் எங்கள் மாவட்டம் ஆட்களை நியமித்தது. புல்லைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்கு ட்யூஷன் ஆசிரியைக்கு என் முதல் வணக்கம். மூன்றாம் வகுப்பைத் திரையிலேயே படித்த என் மகள், நான்காம் வகுப்பில் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரியது என்று அடம்பிடித்தாள். மூன்றைவிட நான்கு பெரியதாயிற்றே! நீங்கள் மறுத்துப் பேசவில்லை. காகிதப் பட்டைகளை மடித்து வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அவளையே வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். “அப்படியென்றால் ஐந்தில் ஒன்று இன்னும் சின்னதா?” என்று அவள் கேட்ட அன்று, அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்ததாக என்னிடம் சொன்னீர்கள்.

கோடை வகுப்புக்கும் பஸ் ஓட்டிய ஓட்டுநர்களே, நீங்கள் இல்லையென்றால் வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் வந்திருக்கவே முடியாது. வகுப்பறைக் காற்றுக்கருவிகளின் வடிகட்டிகளை மாற்றிய பராமரிப்புப் பணியாளர்களுக்கும், செவிலியருக்கும் நன்றி.

செலவுத் திட்டத்தைப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டே வகுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கண்துடைப்பாக முடித்துவிடாமல், வரி வரியாக விளக்கிய மாவட்ட அலுவலகத்தாருக்கு நன்றி. கைக்குழந்தையோடு வந்து கேள்வி கேட்ட தமிழ்த் தாய்மார்களுக்கும்தான்; கோடை பஸ்ஸைக் கேட்டு வாங்கியது அவர்களே.

ட்யூஷன் ஆசிரியையே, நிதியோடு உங்கள் வேலையும் போனது எங்களுக்கு ஆறாத வருத்தம். அந்த இடத்தை மாவட்டத்தின் சொந்த பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லி அடுத்த கல்வி வாரியக் கூட்டத்தில் கேட்கப்போகிறோம். அதற்குள் வேறெங்காவது விண்ணப்பிப்பதானால் சொல்லுங்கள், பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன்.

நன்றியுடன்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா